கிராவலுக்கு நிலம் கேட்டு வந்தவரிடம் நான் சொன்ன கணக்கு

முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, கடலைக்குக் களை வெட்டிக்கிட்டு இருந்தப்போ ஒருத்தர் பைக்கில் வந்து வரப்போரம் நிறுத்தினாரு. வெள்ளைச் சட்டை, கையில ரெண்டு போன்.

"அண்ணே, அந்த மேட்டுப் புஞ்சை உங்களுதா?"

"ஆமா தம்பி, என்ன விஷயம்?"

"அங்க கிராவல் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஒரு ஏக்கர் விட்டுக் குடுத்தீங்கன்னா கையில ரொக்கம். மூணு மாசத்துல வேலை முடிஞ்சிரும். குழிய அப்படியே பண்ணைக்குட்டையா வச்சுக்கலாம். உங்களுக்குத்தான் லாபம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் 2009லயே ஒரு தடவை கேட்டிருக்கேன். அச்சுப் பிசகாம இதே வாக்கியம். சொன்ன ஆள் மட்டும் வேற.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கிராவல்னா எங்க சிவகங்கைப் பக்கத்துச் செஞ்சரளை மண். மேல ஒரு அடி, ஒன்றரை அடிக்கு வெள்ளாமை மண் இருக்கும். அதுக்குக் கீழே மண்ணும் பொடிக்கல்லும் கலந்து சிவப்பா இறங்கும். தண்ணி விட்டு ரோலர் ஓட்டினா இறுகிப் பிடிச்சுக்கும். ரோட்டுக்கு அடியில போடுறது அதுதான். உங்க வீட்டு அஸ்திவாரத்துக்குள்ள தரை மட்டம் தூக்கக் கொட்டுறதும், பிளாட் போட்டவங்க நடுவுல பாதை போடுறதும் அதுதான். நம்ம யாருமே கிராவல் இல்லாத தரையில நிக்கல. அதனால 'கிராவலே எடுக்கக் கூடாது'ன்னு சொல்ற ஆள் நான் இல்லை. அப்படிச் சொன்னா ராத்திரி லாரி ஓடும், அவ்வளவுதான். பகல்ல வந்த லாரியோட நம்பராவது கண்ணுக்குத் தெரியும்.

எடுத்த பிறகு அந்தக் குழியை என்ன பண்றதுங்கிற பேச்சை, முதல் பக்கெட் மண் அள்ளுறதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கணும். நான் சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான். இதை நான் கத்துக்கிட்டது என் சொந்த நிலத்துல, என் சொந்தச் செலவுல.

2009ல பக்கத்துல ரோட்டு வேலை நடந்துச்சு. ஒரு சப்-காண்ட்ராக்டரோட ஆளு வந்து, தரிசாக் கிடந்த ஒரு ஏக்கரைக் கேட்டாரு. மொத்தமா நாற்பதாயிரம். அப்போ பெரிய மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். தரிசுல வருஷத்துக்கு ரெண்டு மூட்டைக் கொள்ளுகூட ஒழுங்கா வராது. சரின்னுட்டேன். 'ஆறு அடிக்கு மேல போக மாட்டோம்'னு வாயால சொன்னாங்க. மூணு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பாக்கல. பத்தாவது வரைக்கும் படிச்சவன்தான், படிக்கத் தெரியாம இல்லை. ரொக்கத்தை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

ஹிட்டாச்சி வந்துச்சு. நாற்பது நாள். வரப்பு வரைக்கும், பதினைஞ்சு அடி ஆழம், செங்குத்தா. சுவர் எழுப்பின மாதிரி நாலு பக்கமும் நிக்குது. மேல் மண்ணைத் தனியா ஒதுக்கவே இல்லை. அதையும் சேர்த்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. நான் போன் பண்ணினா 'ஓனர்கிட்டச் சொல்றேண்ணே'ன்னு பதில். ரோட்டு வேலை முடிஞ்சதும் அந்த நம்பரும் போயிருச்சு.

ரொம்ப நாள் கழிச்சுதான் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. பதினைஞ்சு அடி ஆழம். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக ஆறாயிரத்து ஐந்நூறு யூனிட். நாற்பதாயிரத்தை அதால வகுத்தா யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம். அந்தக் காலத்துல ஒரு டீயும் ஒரு வடையும்.

பணத்தை விடுங்க. அடுத்த ஐப்பசி மழையில கிழக்குப் பக்கத்து வரப்பு சரிஞ்சது. கிழக்கே என் சித்தப்பா மகனோட புஞ்சை. அவன் வச்சிருந்த ரெண்டு வேம்பு வேரோட குழிக்குள்ள சாஞ்சது. வரப்போட முக்கால் சென்ட் நிலம் போச்சு. நாங்க ரெண்டு பேரும் பங்காளிங்க. ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்க. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்குப் போனாக்கூட ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்தோம். அவன் மேல தப்பு இல்லை. என் வரப்பு அவன் நிலத்தைத் தின்னுட்டு நின்னது.

2011 கார்த்திகையில அவனோட பையன், அப்போ ஒன்பது வயசு, ஓடிப் போன ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போயி விளிம்பு உடைஞ்சு உள்ளே விழுந்துட்டான். குழியில அப்போ ஆள் உயரத்துக்கு மேல தண்ணி. ஊர்க் குளத்துல விழுந்தாப் படி இருக்கும், சரிவு இருக்கும், தவழ்ந்தாவது கரையேறலாம். கிராவல் குழியில அது கிடையாது. பிடிக்கிற இடமெல்லாம் கையோட பெயர்ந்து வரும். ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ரெண்டு பேரு வேட்டியை அவுத்து முடிச்சுப் போட்டுத் தூக்கினாங்க. பையன் பிழைச்சான். இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குறான், பொங்கலுக்கு வந்தா 'பெரியப்பா'ன்னு வந்து உட்காருவான். ஒவ்வொரு மழைக்காலத்திலயும் பேப்பர்ல 'குவாரிக் குட்டையில் குளிக்கச் சென்ற சிறுவர்கள்'னு செய்தி வரும்போது நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிடுவேன்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் குழியில கை வச்சேன். முதல்ல தூர்த்துடலாம்னு நினைச்சேன். ஆறாயிரத்து ஐந்நூறு யூனிட் மண்ணுக்கு எங்க போறது? இன்னொரு குழி தோண்டினாத்தான் இந்தக் குழி மூடும். எங்க ஊர் கொத்தனார் ஒருத்தர்தான் சொன்னாரு, 'மூட முடியாதுண்ணே, சரிக்கத்தான் முடியும்'னு. மேற்கும் தெற்கும் என் நிலமேதான். அந்த ரெண்டு பக்கத்திலயும் மேல் விளிம்பைப் பதினைஞ்சு அடி உள்வாங்கி வெட்டி, வெட்டின மண்ணை அடியில தள்ளினோம். செங்குத்தா இருந்தது இப்ப ரெண்டு அடி நடந்தா ஒரு அடி இறங்குற சரிவு. கிழக்கே பங்காளி நிலத்தை வெட்ட முடியாது. அதனால உள்ளே கழிச்சுப் போட்டிருந்த கல்லையும் களிமண்ணையும் அந்தச் சுவரோட பாதி உயரத்துக்கு அணைச்சோம். வடக்கே வண்டிப்பாதை. அங்க கிளுவை வேலி போட்டேன். ஜேசிபி மணிக்கு எழுநூறு, முப்பத்தோரு மணி நேரம் ஓடுச்சு. இருபத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். வாங்கின நாற்பதாயிரம் கல்யாணத்துல போயாச்சு. இதுக்கு ரெண்டு கன்னுக்குட்டியை வித்தேன்.

மண்ணைச் சரிச்சா மட்டும் போதாது. அடியில இருந்த செம்மண் வெறும் சக்கை, புல்லுகூட முளைக்காது. முதல் வருஷம் கொழுஞ்சி விதைச்சேன், எட்டு அங்குலம் வந்து காஞ்சது. சீமைக்கருவேலம் மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்துச்சு. அடுத்த வருஷம் கண்மாய் மராமத்து நடந்தப்போ வண்டல் கிடைச்சது. டிராக்டர்ல நாற்பது நடை அடிச்சு, கிழக்குப் பாதியில மட்டும் பரப்பினேன். ஆட்டுக் கிடை போட்டேன். அப்புறம்தான் கொழுஞ்சி பிடிச்சது, அதை மடக்கி உழுது, மூணாம் வருஷம் கொள்ளு. சரிவுல கொழுக்கட்டைப்புல்லும் வெட்டிவேரும். விளிம்பைச் சுத்திப் பனங்கொட்டை ஊன்றினேன், நூத்துக்கு நாற்பது பொழைச்சது. மேற்கு மூலையில முப்பது சென்ட் அளவுக்குத் தண்ணி நிக்குது. வண்டல் அடியில படிஞ்ச பிறகு தை முடியிற வரைக்கும் நிக்குது, முன்னாடி மார்கழியிலயே உறிஞ்சிக்கும். ஆடுகள் நடந்து இறங்கிக் குடிச்சுட்டு நடந்து ஏறி வருது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பழைய நிலம் ஆயிடுச்சான்னு கேட்டா, ஆகல. பதினாலு வருஷமாச்சு, கொள்ளு தவிர வேற ஒண்ணு வச்சா இன்னும் சோகை பிடிச்ச மாதிரிதான் நிக்குது. மேல் மண் போனதுதான் காரணம். ஒரு அங்குல மேல் மண் உருவாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்னு சொல்றாங்க. என்கிட்ட ஒரு அடி இருந்தது. அதைத் தனியா எடுத்து ஓரமாக் குவிச்சு வச்சிருந்தா எந்த வண்டலும் வேண்டாம். அந்த மண்ணையே திரும்பப் பரப்பியிருக்கலாம். குவியலையும் ரொம்ப உயரமாப் போடக்கூடாது. அஞ்சு அடிக்கு மேல போனா உள்ள மண்ணு காத்தோட்டம் இல்லாமச் செத்துப் போகும். மேல தட்டைப்பயறோ கொள்ளோ விதைச்சு விட்டா மழைக்குக் கரையாது, மண்ணும் உயிரோட இருக்கும். இதுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். எரு குவிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்.

இப்ப சட்டம் எதுவும் இல்லாமலா இருக்கு? நிறையவே இருக்கு. 2012 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், அஞ்சு ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்லிருச்சு. 2020 ஜனவரியில இன்னொரு உத்தரவு, தோண்டி முடிச்ச இடத்துல திரும்பப் புல் வளர்த்து, தீவனம், செடி, உயிரினங்களுக்கு ஏத்த நிலமா ஆக்கிக் குடுக்கிறது குத்தகைக்காரர் பொறுப்புன்னு. அதைப் பேப்பர்ல படிச்சப்போ, ஆடு மேய்க்கிறவன் யாரோ நீதிபதிகிட்டச் சொல்லியிருப்பானோன்னு தோணுச்சு. நம்ம மாநில விதிப்படி பக்கத்துப் பட்டா நிலத்துல இருந்து ஏழரை மீட்டரும், வண்டிப்பாதையில இருந்து பத்து மீட்டரும் தள்ளித்தான் தோண்டணும். ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையோட நடைச்சீட்டு இருக்கணும். எல்லாம் எழுத்துல இருக்கு. குழி முடிஞ்ச பிறகு ஒரு ஆளு வந்து இறங்கிப் பாத்து 'சரியா மூடியிருக்கான்'னு சொல்றது மட்டும் நடந்து நான் பாத்ததில்லை. எங்க சுத்துவட்டாரத்துல இருக்கிற குழி எல்லாத்தையும் சுத்தி வந்திருக்கேன். சரிவு வச்ச குழி ரெண்டு. அதுல ஒண்ணு என்னுது.

அதனால செவ்வாய்க்கிழமை வந்த தம்பியைக் கூட்டிட்டுப் போயி முதல்ல அந்தக் குழியைக் காட்டினேன். அப்புறம் மேட்டுப் புஞ்சைக்குப் போய் நின்னுக்கிட்டு என் கணக்கைச் சொன்னேன். சதுரமா ஒரு ஏக்கர்னா பக்கத்துக்கு 208 அடி. நாலு பக்கமும் ஏழரை மீட்டர், அதாவது இருபத்தஞ்சு அடி விட்டா உள்ளே மிஞ்சுறது 58 சென்ட்தான். மேல் மண் ஒரு அடியை ஜேசிபியால வழிச்சு அந்த இருபத்தஞ்சு அடி ஓரத்துல குவிக்கணும். அதுக்குக் கீழே அஞ்சு அடி எடுத்துக்கலாம். பக்கவாட்டை முதல்ல இருந்தே சரிவாவே வெட்டிட்டுப் போகணும், கடைசியில பாத்துக்கலாம்ங்கிற பேச்சு வேண்டாம். கடைசியில யாரும் இருக்க மாட்டாங்க. இப்படி எடுத்தா சுமார் ஆயிரத்து ஐம்பது யூனிட் கிடைக்கும். முடிச்சதும் மேல் மண்ணைத் திரும்பப் பரப்பணும். பணத்துல பாதியை இப்பக் குடுங்க, மீதியோட உங்க பக்கத்துல இருந்து ஒரு ஐம்பதாயிரம் சேர்த்து நம்ம ரெண்டு பேர் பேர்லயும் பேங்க்ல கிடக்கட்டும். ஒரு மழைக்காலம் போயி, சரிவு நிக்குதான்னு பாத்துட்டு அவங்கவங்க பங்கைப் பிரிச்சுக்குவோம். அனுமதி வாங்கின பேப்பரோட நகல் என் கையில இருக்கணும். ஆழம் அளக்க ஒரு கல்லைத் தொடாம நடுவுல விட்டு வைக்கணும்.

அவர் சிரிச்சாரு. "அண்ணே, இப்படிப் பாத்தா ஒருத்தனும் தொழில் பண்ண முடியாது. கட்டுப்படியாகாது."

கட்டுப்படியாகாதுன்னு வாயால சொல்றது சுலபம். மேல் மண் வழிக்க, சரிவு வெட்ட, திரும்பப் பரப்ப நாற்பது மணி நேர ஜேசிபி வேலை. இப்ப எங்க பக்கம் மணிக்கு ஆயிரத்து முந்நூறு. ஐம்பத்திரண்டாயிரம். அதை ஆயிரத்து ஐம்பது யூனிட்டுக்குப் பிரிச்சா யூனிட்டுக்கு ஐம்பது ரூபாய்க்குள்ள. நீங்க டவுன்ல அரை கிரவுண்ட் இடம் வாங்கி மூணு அடி உயர்த்துறீங்கன்னு வைங்க. 1,200 சதுர அடி, மூணு அடி, 36 யூனிட். கூட ஆகிற செலவு 1,800 ரூபாய். வீட்டுக்கு வாங்குற கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கூலி. இந்த 1,800 ரூபாய் மிச்சத்துக்காகத்தான் எங்க ஊர்ல பதினைஞ்சு அடிச் சுவர் நிக்குது. இதைத் தர மாட்டேன்னு யாராவது வீட்டுக்காரர் சொல்வாருன்னு நான் நம்பல. அவர்கிட்ட யாரும் கேட்டதில்லை, அவருக்கு அப்படி ஒரு செலவு உண்டுன்னே தெரியாது. லாரிக்காரர்கிட்ட ரேட்டு மட்டும் கேட்காம, நடைச்சீட்டைக் காட்டச் சொல்லுங்க. எந்த ஊர் மண்ணுன்னு கேளுங்க. பதில் வராட்டி வேற ஆளைப் பாருங்க. பத்துப் பேரு கேட்டா பதினோராவது ஆளுக்கு லாரியிலயே சீட்டு தயாரா இருக்கும்.

இன்னொண்ணு, இதை எழுதும்போதே கோபம் வருது. கிராவல் ஏத்திட்டுப் போற லாரி திரும்பி வரும்போது வெறும் லாரியா வர்றதில்லை. டவுன்ல இடிச்ச வீட்டுச் செங்கல், உடைஞ்ச டைல்ஸ், தெர்மாகோல், பழைய மெத்தை, சில சமயம் ஊசி மருந்துக் குப்பி. 'குழி மூடணும்னுதானே கேட்டீங்க, மூடித் தர்றோம்'னு என்கிட்டயே ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. வேண்டாம்னு விரட்டினேன். ஒரு ராத்திரி சொல்லாமலே ரெண்டு லோடு கொட்டிட்டுப் போயிட்டாங்க. அதைப் பொறுக்கி எடுக்க எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒன்பது நாள் ஆச்சு. கிராவல் தரை தண்ணியை அப்படியே உள்ளே வாங்கும். மேல என்ன கிடக்குதோ அதோட சாறுதான் கிணத்துக்குப் போகும். எங்க குடிதண்ணிக் கிணறு அந்தக் குழியில இருந்து முந்நூறு அடி. நீங்க வீட்டை இடிச்சுக் கட்டும்போது 'டெப்ரிஸ் எங்க கொட்டுவீங்க'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 'ஊருக்கு வெளியில'ன்னு பதில் வந்தா, அந்த வெளியிலதான் நாங்க இருக்கோம்.

எங்க ஊர்க்காரங்க மேலயும் குறை இருக்கு. ரொக்கத்தைப் பாத்ததும் நான் பண்ணினதைத்தான் எல்லாரும் பண்றாங்க. மக கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவுன்னு கை நீட்டும்போது ஆழம் எத்தனை அடின்னு கேட்கத் தோணாது. கிராம சபையில இதைப் பேசலாமேன்னு போன மே 1ஆம் தேதி எழுந்து சொன்னேன். ஊர்ல எத்தனை குழி இருக்கு, யாரோடது, முடிஞ்சதா, சரிவு வச்சாச்சான்னு ஒரு பட்டியல் வாசிச்சாப் போதும், பேரைச் சொன்னாலே பாதி வேலை நடக்கும்னேன். தலைவர் 'நல்ல யோசனை'ன்னாரு. தீர்மான நோட்டுல எழுதல. ஆகஸ்ட் 15க்கும் கேட்டேன். அக்டோபர் 2க்கும் கேட்கப் போறேன்.

வீட்டுக்காரி என்ன சொல்றான்னா, 'இவ்வளவு கண்டிஷன் போடுறதுக்குப் பேசாம நிலத்தைக் குடுக்காமலே இருந்திருக்கலாம், ஊர்ப் பொல்லாப்பு எதுக்கு'ன்னு. அதுவும் நியாயம்தான். ஆனா மேட்டுப் புஞ்சையில எனக்கு வருஷத்துல நாலு மாசம்தான் வேலை. ஆறு அடி இறக்கிச் சரிவு வச்சு, மேல் மண்ணைத் திரும்பப் போட்டா அது தண்ணி தங்குற நிலமா ஆகும். சரியாச் செஞ்சா எனக்கு அது வேணும்.

பைக்கில வந்த தம்பி, 'ஓனர்கிட்டப் பேசிட்டு நாளைக்குச் சொல்றேண்ணே'ன்னு நம்பர் குடுத்துட்டுப் போனாரு. இன்னைக்குப் பதினோராவது நாள். நேத்து டீக்கடையில பேசிக்கிட்டாங்க, கிழக்கே ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் ஒன்றரை ஏக்கர் குடுத்துட்டாராம், ஹிட்டாச்சி வந்து இறங்கியாச்சாம். எனக்குத் தெரிஞ்ச ஆளுதான், மகனுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கு. சாயங்காலம் போய் அவரைப் பாக்கணும். பேப்பர்ல எத்தனை அடின்னு போட்டிருக்குன்னு முதல்ல படிச்சுக் காட்டணும்.